‘பிரிட்ஜ் போடு’ என்பதற்கு முன்

விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் சர்வர் நிறுவியாயிற்று. உள்ளேயிருந்து இணையம் வருகிறது. ஆனால் லேப்டாப்பிலிருந்து அந்தச் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய முடியவில்லை. விடுதி அறையில் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும்: “நெட்வொர்க்குல நேட்டை எடுத்துட்டு பிரிட்ஜ் போடுடா, ஓடும்.” ஓடத்தான் செய்யும். என்ன போட்டோம் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக மெஷின் உருவாக்கினால் தானாக அமைவது நேட். உள்ளே இருக்கும் சர்வருக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். இரண்டு மெஷின் வைத்திருந்தால் இரண்டுக்குமே அதே எண்தான். ஒவ்வொன்றும் தனித்தனி நேட்டுக்குப் பின்னால் இருப்பதால் அவை ஒன்றையொன்று பார்ப்பதில்லை. வெளியே போகலாம், வெளியாள் உள்ளே வர முடியாது. பிரிட்ஜ் போட்ட நொடியில் அந்த மெஷின் உங்கள் லேப்டாப்பைவிட்டு இறங்கிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. ரவுட்டரிடம் தனி முகவரி கேட்டு வாங்கும். அதே வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் இன்னொரு கணினியாகத் தெரியும். ‘என் லேப்டாப்புக்குள்தானே இருக்கிறது’ என்ற நம்பிக்கைக்கு அதன்பின் பொருளில்லை.

பயிற்சிக்குத்தானே என்று பயனர் பெயரும் ‘டெஸ்ட்’, கடவுச்சொல்லும் ‘டெஸ்ட்’ என்று வைப்பது நம் வழக்கம். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது எந்த மந்திரத்தாலும் அல்ல. தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பி, யாரும் மாற்றாமல் விட்ட சில பத்துக் கடவுச்சொற்களின் பட்டியலால். 2017 ஜனவரியில் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்த மோங்கோடிபி தரவுத்தளங்களைத் துடைத்துவிட்டுப் பணம் கேட்டார்கள். அவற்றில் பயிற்சிக்காகத் திறந்தவை எத்தனை என்று துடைத்தவர்கள் விசாரித்திருக்கப்போவதில்லை.

இன்னொரு ஆபத்து நேர்எதிர்த் திசையில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் டிஹெச்சிபி சர்வர் அமைப்பது ஒரு பயிற்சி. அதைப் பிரிட்ஜில் வைத்துச் செய்தால் உங்கள் மெஷின் விடுதி முழுவதற்கும் முகவரி வழங்கக் கிளம்பிவிடும். கல்லூரி நெட்வொர்க்கில் அதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லையென்றால், வாங்கியவர்களுக்கு இணையம் நிற்கும். ஏன் நின்றது என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 இதற்குப் பொருந்தும்: உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு நெட்வொர்க்கைக் குலைத்தால் இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66. மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விளையாட்டாகச் செய்தேன் என்பது இரண்டாவதிலிருந்து காப்பாற்றலாம். முதலாவதிலிருந்து காப்பாற்றுமா என்று எனக்குச் சந்தேகம். அலுவலக, கல்லூரி நெட்வொர்க்கில் பிரிட்ஜ் போடுவதற்கு முன் நிர்வாகியிடம் ஒரு மின்னஞ்சலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பிரிட்ஜ் இல்லாமல் சர்வருக்குள் நுழைவதற்கு என்ன வழி? மெஷினுக்கு இரண்டு நெட்வொர்க் அட்டை கொடுங்கள். முதலாவது நேட், மென்பொருள் இறக்குவதற்கு. இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி, உங்கள் லேப்டாப்பும் சர்வரும் மட்டும் பேசிக்கொள்வதற்கு, வழக்கமாக 192.168.56 என்று தொடங்கும் முகவரி வரும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: உபுண்டு சர்வரை நிறுவியபோது ஒரே அட்டை இருந்திருந்தால், பிறகு சேர்த்த இரண்டாவது தானாக எழுந்திருக்காது. நெட்பிளான் கோப்பில் அதன் பெயரையும் எழுதி, முகவரி தானாக வாங்கச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் ‘ஹோஸ்ட்-ஒன்லி வேலை செய்யலை’ என்று பிரிட்ஜுக்கு ஓடுவார்கள்.

நேட்டிலேயே போர்ட் ஃபார்வர்டிங் செய்வதும் நல்ல வழிதான். லேப்டாப்பின் 2222ஐ சர்வரின் 22க்குத் திருப்பலாம். ஆனால் அந்தப் படிவத்தில் ஹோஸ்ட் முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டால், லேப்டாப்பின் எல்லா முகவரிகளிலும் கதவு திறந்துவிடும். 127.0.0.1 என்று எழுதுங்கள்.

எஸ்எஸ்ஹெச் சாவி உருவாக்கி, அது வேலை செய்வதைப் பார்த்தபின் கடவுச்சொல் நுழைவை மூடிவிடுங்கள். யுஎஃப்டபிள்யூ தீயரணையும் போடலாம், ஆனால் டாக்கர் திறந்துவிடும் போர்ட்டுகள் அந்த விதிகளைத் தாண்டிப் போய்விடும். அரணை நம்பித் தூங்கியவர்கள் உண்டு. நேட்டும் ஒருவழிக் கதவுதான். உள்ளே தீநிரல் புகுந்தால், அங்கிருந்து வெளியேறி வீட்டு ரவுட்டரைத் தட்ட அதற்குத் தடையில்லை.

உரிமை பற்றியும் சொல்லியாக வேண்டும். லினக்ஸ் கருவும் விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை: பயன்படுத்தவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் யாரிடமும் கேட்க வேண்டாம். பயிற்சி மையம் கற்பித்தலுக்குக் கட்டணம் வாங்கலாம். இவற்றைப் பயன்படுத்த உங்களிடம் ‘லைசென்ஸ் கட்டணம்’ கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். அதே விர்ச்சுவல்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் பேக் கதை வேறு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். நிறுவனத்தில் வணிக வேலைக்குப் போட்டால் ஆரக்கிளிடம் உரிமம் வாங்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாரோ தயார்செய்து கொடுத்த மெஷின் கோப்பை இறக்காதீர்கள். அதன் கடவுச்சொல்லும் சாவியும் அதை இறக்கிய அத்தனை பேரிடமும் இருக்கும்.

மெஷினுக்குள் யாரோ புகுந்துவிட்டதாகத் தெரிந்தால் அழித்துவிடத்தான் கை துடிக்கும். முதலில் நெட்வொர்க் அமைப்பில் ‘கேபிள் இணைப்பு’ குறியை எடுங்கள். பிறகு ஒரு ஸ்னாப்ஷாட். உள்ளே நுழைந்தவர் விட்ட தடயம் அதில்தான் உறையும். ஆத்.லாக் பதிவேட்டில் எந்த முகவரியிலிருந்து எத்தனை முறை முயன்றார்கள் என்பது இருக்கும். அதே கடவுச்சொல்லை வேறெங்கும் வைத்திருந்தால் அங்கும் மாற்றுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம்: பழைய ஓட்டையும் பழைய கடவுச்சொல்லும் சேர்ந்தே திரும்பும். புதிதாக நிறுவுவதே சரி.

நிறுவனங்களுக்குப் பதிவேட்டைக் காப்பதும் ஊடுருவலைத் தெரிவிப்பதும் விருப்பம் சார்ந்ததல்ல. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட ஆணைப்படி, ஊடுருவலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பணம் போயிருந்தால் தனிநபரும் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்கலாம். பிரிவு 43இன்படி இழப்பீடு கேட்பவர்கள், கோரிக்கை ஐந்து கோடி ரூபாய்க்குள் இருந்தால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். தீர்ப்பளிக்கும் அதிகாரி அவரே. மனுவோடு அந்த ஸ்னாப்ஷாட்டையும் பதிவேட்டையும் கொண்டுபோங்கள்.