உங்களுக்குத் தெரியுமா? டெல்டாவில் ராத்தங்கல்

சின்ன வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் பெருகிவருகிறார்கள். இரவு எங்கே நிறுத்தினோம், தண்ணீர் இருந்ததா, பயமில்லாமல் தூங்க முடிந்ததா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். காவிரிப் படுகையில் இந்தப் பேச்சு மிகப் பழையது. அதிலிருந்து சில துணுக்குகள்.

● போய்வந்த வழியைப் பற்றி அடுத்தவருக்குச் சொல்வதற்கென்றே தமிழில் ஓர் இலக்கிய வகை உண்டு. அதுதான் ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் கலைஞரிடம் எந்த வழியாகப் போகலாம், வழியில் யார் என்ன உணவு தருவார்கள் என்று சொல்லி அனுப்புகிறார். பத்துப்பாட்டில் பாதி, அதாவது 5 நூல்கள், இந்த வகை. அவற்றில் பொருநராற்றுப்படை சோழன் கரிகாலனைப் பாடுவது. அதனால் அது நம் காவிரி நாட்டுக்கே வழிகாட்டும் நூல்.

● படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் மைல்கல் தமிழ்நாட்டில் இருந்தது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களில், வணிகர் தங்கும் தாவளத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்று எழுத்திலும் இருக்கிறது, குழிகளிலும் இருக்கிறது. பெரிய குழிக்குப் பத்து, சிறிய குழிக்கு ஒன்று. இருட்டில் கையால் தடவிப் பார்த்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

● தலைச்சுமையோடு நடந்தவர்களுக்குச் சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். ஆள் துணை இல்லாமலே சுமையை இறக்கவும் ஏற்றவும் வாகாக, அது தலைக்குச் சற்றே தாழ்ந்த உயரத்தில் இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தலும் இருந்தது; அதை நடத்த நிலம் எழுதிவைத்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வருகின்றன.

● தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் போகும் சாலையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றில் பலவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர்தான். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ராசாமடத்தில் மோகனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். காசியிலிருந்து கால்நடையாக வந்தவர்களுக்கும் இவைதான் ராத்தங்கல்.

● இந்தச் சத்திரங்களில் என்னென்ன கிடைத்தன என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 1799 உடன்படிக்கையால் தஞ்சை நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. சத்திரங்களையாவது தன்னிடமே விட்டுவிடும்படி, தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடென்டுக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் சொல்வது: எல்லாச் சாதியினருக்கும் உணவு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவருக்கு அரிசியாகவே தரப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று அழைப்பார்கள். நோயால் பயணத்தைத் தொடர முடியாதவருக்குக் குணமாகும்வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு. குழந்தைகளுக்குப் பால். வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பேறுகால உதவி, அதன்பின் தங்கவும் இடம். அங்கேயே இறந்துபோனவருக்கு அவரவர் சாதி வழக்கப்படி ஈமக்கடன். பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆசிரியரின் பொறுப்பில் வளர்ந்து படித்தார்கள். பணம் கட்டித் தங்கும் இன்றைய விடுதி எதையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

● அந்தச் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தைத் தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில், ஒரத்தநாட்டில் இன்றும் பார்க்கலாம். குதிரையும் யானையும் பூட்டிய தேர் போலக் கல்லில் சமைத்த மண்டபம் அது. ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. வேனில் போகிறவர்கள் பட்டுக்கோட்டைச் சாலையைப் பிடித்தால், இறங்கி அரைமணி நேரம் அங்கே செலவிட வேண்டும்.

● சத்திரத்தின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். சோறு எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் அடுப்பும் பந்தியும் சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தன. பிற்காலத்தில் ஒரத்தநாடு, ராசாமடம் சத்திரங்களில் நடந்த மாணவர் விடுதிகளும் ஒரு சாதிப் பிள்ளைகளுக்கு மட்டுமாகவே இருந்தன. 1920களில் தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் அவற்றை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். அரசர் தொடங்கிய தருமத்தை முழுமையாக்கியது இந்த மாற்றம்தான்.

● தங்கிய இடத்தையெல்லாம் அன்றாடம் மதிப்பிட்டு எழுதிய ஒருவர் 1830இலேயே சென்னையிலிருந்து கிளம்பினார். பெயர் ஏனுகுல வீராசாமி. அன்று சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளர். நூறு பேர் அளவுக்கு ஆட்களோடு காசிக்குப் போய், 1831இல் ஊர் திரும்பினார். ஒவ்வோர் ஊரிலும் தண்ணீர் எப்படி, கடை உண்டா, சத்திரம் உண்டா, அடுத்த ஊருக்கு வழி எப்படி என்று குறித்துவைத்தார். தெலுங்கில் எழுதிய அந்தக் காசி யாத்திரைக் குறிப்புகள் 1838இல் அச்சேறின. இன்று வேனில் போகிறவர் தேடுவதும் அதே நான்கு விவரங்களைத்தான்.

● சத்திரச் சாலைகளின் கூட்டத்தைக் குறைத்தது ரயில். நாகப்பட்டினத்தில் தொடங்கிய பாதை 1861, 62ஆம் ஆண்டுகளில் தஞ்சாவூர் வழியாகத் திருச்சியைத் தொட்டது. நாள்கணக்கில் நடந்த வழி மணிக்கணக்கில் முடிந்தது. ஆனாலும் பெயர்கள் அழியவில்லை. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஏறாத டெல்டாக்காரர் உண்டா?

● டெல்டாவின் முகாம் வாழ்க்கையை நன்கு அறிந்தவர்கள் கீதாரிகள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தையோடு வருகிறார்கள். ஒரு வயலில் சில இரவு கிடை போட்டு, அடுத்த வயலுக்கு மாறுவார்கள். ஆட்டுச் சாணமும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்கு நிலக்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். மேடான தரை, பக்கத்தில் தண்ணீர், நிலக்காரரின் சம்மதம் இவை மூன்றும் அமைந்தால்தான் கிடை. வேன்காரர்களும் இதே மூன்றைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

● மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. அணையின் நீர் இருப்பைப் பொறுத்து திறப்புத் தேதி மாறும். திறந்த சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாக ஏறும். காய்ந்து கிடக்கும் ஆற்று மணலில் வேனை இறக்கி நிறுத்துவது எந்த மாதத்திலும் ஆபத்து. நனைந்த ஆற்றங்கரை களிமண்ணில் சக்கரம் புதைந்தால், டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

● அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. மழைக்காலத்தில் தென்னந்தோப்புக்குள் வேனை நிறுத்தித் தூங்காதீர்கள். சம்பா அறுவடையை ஒட்டிய ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை டெல்டாவில் வேன் பயணத்துக்கு நல்ல பருவம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சாலையோரம் காயும் நெல் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு. அதன்மேல் வண்டியை ஏற்றக் கூடாது.

● கடற்கரைப் பக்கம் போனால் மல்லிப்பட்டினம் அருகே மனோரா கோபுரம். நெப்போலியன் மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியின் நினைவாகச் சரபோஜி எழுப்பியது. பகலில் வேனை நிறுத்திச் சமைத்துச் சாப்பிட ஏற்ற இடம். அங்கிருந்து கிழக்கே கோடியக்கரையில் வெளிமானும், பருவத்தில் பூநாரையும் உண்டு. 1967 முதல் அது சரணாலயம். அங்கே இரவு தங்க விரும்பினால், வனத்துறையின் ஓய்வு இல்லத்தில் முன்கூட்டியே இடம் கேட்டு வாங்க வேண்டும். காட்டுக்குள் வண்டியில் படுக்கக் கூடாது.

● வேனை வீடாக மாற்றுவதற்கு முன், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவுச் சான்றில் உள்ளபடி தயாரிப்பாளர் தந்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற அது அனுமதிப்பதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

● பக்கத்து மாநிலமான கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022இல் வாகமனில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின் இணைப்பு, கழிவுநீரை இறக்க வசதி எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், பயணி ஆற்றங்கரையை அசுத்தம் செய்ய வேண்டியதில்லை.

● தஞ்சையில் சத்திர நிர்வாகத்துக்கென்றே தனி தாசில்தார் இருக்கிறார். சத்திரங்களின் கட்டடங்களும் நிலங்களும் அரசின் பொறுப்பில்தான் இருக்கின்றன. அவற்றில் சும்மா கிடக்கும் திடல்களில் பத்து வண்டி நிற்க இடம், ஒரு குழாய், ஒரு விளக்கு, பெண்கள் பயமில்லாமல் போக ஒரு கழிப்பறை, ஒரு காவலாளி, இவ்வளவு செய்தால் போதும். சின்ன வேனில் வரும் குடும்பத்துக்கும், வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பக்தருக்கும், நெல் ஏற்றி வரும் லாரி ஓட்டுநருக்கும் அது பயன்படும். கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்குள் அரசு இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். எங்கே தங்கினாலும் தண்ணீர், நிழல், வெளிச்சம், கழிப்பறை, பாதுகாப்பு இந்த ஐந்தையும் உள்ளது உள்ளபடி குறித்துவைத்து, அடுத்து வருகிறவருக்குச் சொல்லுங்கள். இடம் கொடுத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, குப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.