குருதி ஏற்றுதலும் செவிலியர் கடமையும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், மகப்பேற்றின் போதோ அறுவைச் சிகிச்சையின் போதோ, "இரத்தம் ஏற்ற வேண்டும்" என்று மருத்துவர் கூறும் வேளை வருவதுண்டு. இரத்தத்துக்கு எங்கே செல்வது என்ற கவலையே அப்போது நம் மனத்தை நிறைக்கிறது. அது கிடைத்துவிட்டால் அபாயம் நீங்கிற்று என எண்ணி அமைதியடைகிறோம். உண்மையில், மிகுந்த விழிப்பு வேண்டப்படும் வேளை அதன் பின்னரே தொடங்குகிறது. அவ்வேளைக்குக் காவலர் செவிலியரே ஆவர்.

மாந்தர் இரத்தம் அனைத்தும் ஓரினமன்று என்பதை வியன்னா நகரில் ஆராய்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ஆம் ஆண்டில் விளக்கினார். பொருந்தாத இரத்தம் உடலிற் புகுந்தால், நோயாளியின் எதிர்ப்பொருள்கள் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. அதனால் சிறுநீரகம் செயலிழக்கலாம். உயிருக்கே இறுதி நேரலாம். 'ஓ' பிரிவு யாவர்க்கும் பொருந்தும் என்னும் எண்ணமும் முழு உண்மையன்று. 1952-இல் மருத்துவர் பெண்டேயும் அவர்தம் துணைவரும் கண்டறிந்து அறிவித்த 'பம்பாய்' பிரிவினர்க்கு 'ஓ' இரத்தமும் ஒவ்வாது. மேலெழுந்த சோதனையில் அவர்கள் 'ஓ' பிரிவினராகவே தோன்றுவர். எனவேதான் இருவர் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் பொருத்தச் சோதனை இன்றியமையாததாகிறது.

ஆயினும், சோதனைக்கூடம் செம்மையாகப் பணியாற்றியும் இரத்தப்பை வேறொருவர் கட்டிலுக்குச் சென்றுவிட்டால் பயன் யாது? இத்தவற்றைத் தடுக்கவே செவிலியர் இருவர் கட்டிலருகே நின்று, நோயாளியின் பெயர், பதிவெண், மணிக்கட்டுப் பட்டை, பையின் எண், இரத்தப் பிரிவு, காலாவதித் தேதி ஆகியவற்றை ஒப்பு நோக்குகின்றனர். சோதனைக்காக இரத்தம் எடுக்கும்போதும் கட்டிலருகிலேயே குப்பியிற் பெயர் எழுதுதல் அவர்தம் முறை.

இங்கே நமக்கும் ஒரு பங்குண்டு. "நீங்கள் லட்சுமியா?" என வினவினால், மொழி அறியாத நம் மூதாட்டியர் எதற்கும் தலையசைத்துவிடுவர். அதனாலேயே தேர்ந்த செவிலியர், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே விடை பெறுகின்றனர். மேலும், நம் பெயரின் முன்னே நிற்கும் தந்தையின் முதலெழுத்து, பிற மாநிலப் பதிவேடுகளில் விரிந்து பெயரின் பின்னே அமைவதுண்டு. சேர்க்கைச் சீட்டு முதல் இரத்த விண்ணப்பம் வரை பெயர் ஒரே வகையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நாம் பார்த்தல் வேண்டும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிப்பர். அக்குழாயில் மருந்தையோ குளுகோஸையோ கலத்தலாகாது. முதல் 15 நிமிடம் மெதுவாகச் செலுத்தி, செவிலியர் அருகிலிருந்து நாடி, வெப்பம், மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்பர். விரைவில் முடியட்டும் என்று உறவினர் திருகைத் தொடுதல் பெருந்தவறு.

குளிர்நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, மூச்சுத்திணறல், முதுகுவலி, சிறுநீர் கருஞ்சிவப்பாதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் செவிலியர் செய்யும் முதற்செயல் இரத்தத்தை நிறுத்துவதே. பிறகு ஊசியை அகற்றாமல், புதிய குழாய் வழியே உப்புநீர் செலுத்தி, மருத்துவரை அழைப்பர். எஞ்சிய பையை எறியாது இரத்த வங்கிக்கு அனுப்புவர்.

ஆனால் நோயாளி உணர்வதைச் சொன்னாலன்றோ செவிலியர் அறிய இயலும்? 'குளிர்கிறது', 'மூச்சு முட்டுகிறது', 'முதுகு வலிக்கிறது' என்னும் மூன்றையேனும் நாம் வாழும் ஊரின் மொழியிற் கற்று, வீட்டு முதியோர்க்கும் கற்பித்து வைப்போமாக. செவிலியர் மீண்டும் ஒருமுறை பெயர் கேட்கும்போது சலிப்புறாமல் விடை பகர்வோம். அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கும் கேள்வியாகும்.