ஆகாயத்தில் ஓர் ஆசிரியை

57,635 மணித்தியாலங்களை நாட்களாகக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆறரை ஆண்டுகளுக்கு மேலாகும். அத்தனை காலத்தையும் நிலத்திற் கால் பதியாது கழித்தவர் எவ்லின் ஜோன்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பெண் விமானிகளுள் மிகக் கூடிய நேரம் பறந்தவர் என்று கின்னஸ் பதிவேடு அவரைக் குறித்தது.

அவர் 1909ஆம் ஆண்டு பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கணவர் இராணுவத்திற் சேர, சலவைத் தொழிலகத்தைத் தனித்து நடத்தி வந்தார். பறக்கக் கற்குமாறு அழைத்த ஒரு விளம்பரத்தைப் பத்திரிகையிற் கண்டார். 1944இல் முதற் பாடம். தெனெசி மாநிலத்து நொக்ஸ்வில் நகரிலிருந்த தீவு விமான நிலையத்தை அடைய, புகையிரதம், பேருந்து, நடை, இறுதியில் துடுப்புப் படகு என நான்கு பயணங்கள் வேண்டியிருந்தன. 1947இல் அவரே ஆசிரியையானார். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அவரிடம் பயின்றனர்.

இவ்வளவு நேரத்தை எவ்வாறு சேர்த்தார்? சமுத்திரங்களைக் கடந்தன்று. சிறிய விமானத்தில், பெரும்பாலும் ஒரே நிலையத்தைச் சுற்றிச் சுற்றி ஏறியும் இறங்கியும் சேர்த்த நேரம் அது. பயிற்சி விமானத்தில் இயக்குங் கருவிகள் இரட்டையாக அமைந்திருக்கும். மாணவன் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், காற்று சிறகின் மேற்பரப்பை ஒட்டி ஓடாது பிரிந்துவிடும், தாங்கும் விசை குன்றும், விமானம் தலைகவிழும். மூக்கைத் தாழ்த்தினாலே மீட்சி. ஆனால் அச்சங்கொண்ட மாணவனோ மேலும் மேலும் பின்னுக்கு இழுப்பான். ஆசிரியர் உடனே குறுக்கிட்டால் அவன் கற்கமாட்டான். தாமதித்தால் இருவருக்கும் ஆபத்து. அந்தச் சில விநாடிப் பொறுமையே இத்தொழிலின் உயிர்நாடி எனலாம். (வீட்டிலே பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கியோர் இதனை ஓரளவு அறிவர்!) பின்னர் ஒரு நாள் ஆசிரியர் இறங்கிக்கொள்ள, மாணவன் தனியே புறப்படுவான். பாரங் குறைந்த விமானம் எதிர்பாராத வேகத்தில் மேலெழும்; அப்போதுதான் பக்கத்து ஆசனம் வெறுமையாயிருப்பது அவனுக்கு உறைக்கும்.

எவ்லின் அரசாங்கப் பரீட்சகராகவும் பணியாற்றி, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பரீட்சைகளை நடத்தினார். பரீட்சகர் திடீரென இயந்திரத்தின் வலுவைக் குறைத்து, “இயந்திரம் நின்றுவிட்டது” என்பார். இறங்கத்தக்க வயலொன்றை மாணவன் தானே தெரிந்துகொள்ளவேண்டும்.

1953 முதல் மொறிஸ்ரவுண் விமான நிலையத்தின் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 1958இல் அங்கே ஹெலிகொப்டர் ஒன்று விழுந்து நொறுங்கியது. எவ்லின் ஓடிச் சென்று, இயந்திரத்தை நிறுத்தி, தீயணைக்கும் கருவியைப் பிரயோகித்தார். விமானி உயிர் தப்பினார். அத்துணிவுக்குக் கார்னகி வீரப் பதக்கம் கிடைத்தது.

முதுமையிற் கண்ணழுத்த நோய் பார்வையைக் குறைத்தது. 2006இல், தொண்ணூற்றாறு வயதில், மோட்டார் வண்டி விபத்தொன்றில் ஒரு காலையும் இழந்தார். விமானி ஆசனம் அவருக்கு இனி இல்லை. எனினும் வைத்தியசாலையிலிருந்து மீண்டதும், 2012இல் தமது 102ஆம் வயதில் மறைவதற்குச் சில காலம் முன்வரை, அதே மொறிஸ்ரவுண் நிலையத்தின் அலுவல்களைக் கவனித்து வந்தார்.