மிட்டாய் போட்டால் சாலட் ஆகுமா?

அமெரிக்காவின் அயோவா, மினசோட்டா மாநிலங்களில் தேவாலய விருந்துகளிலும் குடும்பக் கூடல்களிலும் 'ஸ்னிக்கர்ஸ் சாலட்' என்ற பண்டத்தைப் பார்க்கலாம். பச்சை ஆப்பிளையும் ஸ்னிக்கர்ஸ் சாக்லேட்டையும் துண்டு துண்டாக நறுக்கி, நுரைக்க அடித்த கிரீமில் புரட்டிக் குளிரவைத்தால் தயார்; அடுப்பே பற்றவைக்க வேண்டாம். மிட்டாய் போட்டதைச் சாலட் என்பதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த ஊர்ப் பந்தியில் ஜெல்லிக்குள் பழத்தை உறையவைத்ததுகூட சாலட்தான். குளிர்ந்த கலவையாக, பொதுக் கிண்ணத்தில் வந்தால் போதும், இலை தழை கட்டாயமில்லை.

வெறும் சர்க்கரைக் குவியல்தானே என்ற ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு. இது தினசரி உணவல்ல. மீதிப் பாதிக்கு ஆப்பிளே பதில் சொல்கிறது. 1860களில் ஆஸ்திரேலியாவில் தோன்றிய 'கிரானி ஸ்மித்' என்ற புளிப்பு வகையைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் புளிப்பு கேரமலின் திகட்டலை அறுக்கிறது. மிட்டாயிலுள்ள வேர்க்கடலை உப்பும் கரகரப்பும் தருகிறது. சிவப்பு ஆப்பிளைப் போட்டால் இனிப்போடு இனிப்பு சேர்ந்து நாக்கு சோர்ந்துபோகும். நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டதும் நொதியின் வேலையால் பழுப்பேறும். சிறிது எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும். முந்தின இரவே கலந்துவைத்தால் வேலை மிச்சம் என்பார்கள், அதுதான் சரியில்லை. சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடுவதால் காலையில் கிரீம் நீர்த்துக் கிடக்கும். பரிமாறுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு கலந்தால் போதும்.