ஊரார் பெயரை எழுதியவர்

பாட்டனாருக்குப் பாட்டனார் பெயரென்ன என்று வகுப்பிலே கேட்டால், மாணவர் பலர் ஒருவரையொருவர் பார்த்து விழிப்பதை நாம் கண்டிருக்கிறோம். எழுதிவைத்த பதிவேடு இருந்தால் இவ்விடர் நேராது என்பதே பொதுவான எண்ணம். ஆனால், வீடு வீடாகச் சென்று ஊரார் பெயரையெல்லாம் திரட்டியவரின் பெயரே அப்பதிவேட்டில் இல்லாதிருந்தால் என் செய்வது? அயர்லாந்திலே இவ்விந்தை நிகழ்ந்தது. பொலிஸ்காரராயிருந்த தம் முன்னோரைத் தேடும் ஐரிஷ் குடும்பத்தார் இன்றும் இதனை எதிர்கொள்கின்றனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1836ஆம் ஆண்டிலே அயர்லாந்தின் பொலிஸ் படை ஒரே தலைமையின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. தலைநகராகிய டப்ளினுக்குத் தனிப்படை இருந்தது. பீனியர் என்னும் புரட்சியாளரின் கிளர்ச்சியை அடக்கியமைக்காக, 1867இல் 'றோயல்' என்னும் பட்டம் அப்படைக்கு அளிக்கப்பட்டது. படையினருட் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கமக்காரரின் மைந்தர். பிறந்த மாவட்டத்திலே எவரும் கடமையாற்றலாகாது. மனைவி பிறந்த மாவட்டத்திலும் ஆகாது. விவாகஞ் செய்வதற்கும் ஏழாண்டு சேவையும் மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும். ஆகவே, சொந்த ஊரிலே தேடினால் அவர் அகப்படார்.

எஞ்சிய குடிசன மதிப்புப் பத்திரங்களும் மிகச் சிலவே. 1821 முதற் பத்தாண்டுக்கொருமுறை கணக்கெடுத்தனர். 1861, 1871ஆம் ஆண்டுப் பத்திரங்களை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுகளுக்குரியவை முதலாம் உலகப் போர்க் காலத்தில் கடதாசிக் கூழாயின. 1821 முதல் 1851 வரையுள்ளவை, 1922 யூன் 30ஆந் திகதி, உள்நாட்டுப் போரின்போது டப்ளின் சுவடிக்கூடத்தில் மூண்ட தீயிலே, சிற்சில துண்டுகள் நீங்கலாக, வெந்து சாம்பராயின. நாடு முழுமைக்கும் எஞ்சியவை 1901, 1911ஆம் ஆண்டுப் பத்திரங்களே. இவற்றை இப்போது இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

அவ்விரு கணக்கும் ஞாயிற்றுக்கிழமை இரவில் வீட்டிலிருந்தோரைப் பற்றியவை. பத்திரங்களைக் கொடுத்துத் திரும்பப் பெற்றவர் பொலிஸ்காரரே. எழுத்தறியாதாருக்கு எழுதிக் கொடுத்தவரும் அவரே. பெயர், வயது, சமயம், தொழில், பிறந்த மாவட்டம் யாவும் பதியப்பட்டன. 1911இல், மணமான பெண்கள் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்றுங் கேட்டனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னே நின்று அக்கேள்வியைக் கேட்ட பொலிஸ்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இவ்வளவும் எழுதியவர் பொலிஸ் பாசறைக்குத் திரும்பினார். பாசறைக்குரிய பத்திரம் வேறு. அதில் முழுப்பெயர் இல்லை. பெயரின் முதலெழுத்துக்கள் மட்டுமே உண்டு. மனைவி மக்களோடு தனிவீட்டில் வாழ்ந்தவர்க்கு முழுப்பெயர் கிடைத்தது. பாசறையில் வாழ்ந்த இளைஞரோ இரண்டெழுத்தாய்ச் சுருங்கினார்.

எனினும் வழி உண்டு. ஒருவருடைய பாட்டனார் கெரி மாவட்டத்திற் பிறந்து, ஸ்லைகோ மாவட்டத்திலே கடமையாற்றியவர் என வைத்துக்கொள்வோம். ஸ்லைகோவின் பாசறைப் பத்திரங்களில், அவர் பெயருக்கிசைந்த முதலெழுத்தும், கெரியிற் பிறப்பும், ஏற்ற வயதும் சமயமும் ஒருங்கே பொருந்துபவரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், இலண்டனின் கியூவிலுள்ள பிரித்தானிய தேசிய சுவடிக்கூடத்தில், 1816 முதல் 1922 வரையான படையின் சேவைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அதில் முழுப்பெயர், உயரம், முன்னைய தொழில், விவாகத் திகதி, மனைவியின் மாவட்டம், கடமையாற்றிய இடங்கள் யாவும் உண்டு.

அவருடைய பெற்றோரைத் தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: வயதை அப்படியே நம்பலாகாது. 1909இல் எழுபது வயதினர்க்கு இளைப்பாற்றுச் சம்பளம் வழங்கத் தொடங்கியபின், பத்தாண்டில் பதினைந்து வயது மூத்தோரும் உளர்!

இத்துணைப் பாடு எதற்கு என நீங்கள் வினவலாம். 1919 சனவரி 21ஆந் திகதி, திப்பரரி மாவட்டத்துச் சொலோஹெட்பெக்கில் இரு பொலிஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுதந்திரப் போரின் தொடக்கமாகப் பலரும் கருதுவது அந்நிகழ்ச்சியையே. 1921 வரை ஏறக்குறைய நானூறு பொலிஸார் அப்போரில் மாண்டனர். 1922இல் படை கலைக்கப்பட்டது. பலர் நாட்டைவிட்டே அகன்றனர். அந்நியர் சீருடையை அணிந்தவர் என்னும் பழிக்கு அஞ்சிப் பிள்ளைகளும் தந்தையின் தொழிலைப் பேசாது விட்டனர். பத்திரத்தில் மறைந்த பெயர் வீட்டிலும் மறைந்தது. அவர் செய்தது சரியோ பிழையோ என்பது வேறு வழக்கு. அவர் இன்னார் என அறிந்த பின்னரன்றோ அவ்வழக்கைத் தொடங்கலாம்!

தேடுவோர்க்கு நாம் கூற விரும்புவது இன்னும் ஒன்றுண்டு. பாசறைப் பத்திரத்தை மட்டும் பார்த்து மனந்தளர வேண்டாம். சுற்றுப்புறத்துக் குடியானவர் வீட்டுப் பத்திரங்களையும் புரட்டுங்கள். அவர் கணக்கெடுக்கச் சென்றவராயின், ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் குடும்பப்பெயரோடு கூடிய அவருடைய கையொப்பம் இருக்கும். தம் பத்திரத்தில் இரண்டெழுத்தாய் நின்றவர், அயலார் பத்திரங்களின் அடியிலே தம் கைப்படப் பெயரெழுதி நமக்காகக் காத்திருக்கிறார்.