டி.சி. கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

உங்கள் பையன் படிக்கிற பள்ளியில், ஒரு மாணவனின் பையில் பஞ்சர் சொல்யூஷன் டியூப் இருந்தால் என்ன செய்வார்கள்? கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் நம்ம ஸ்கூல்ல கிடையாதுங்க' என்றால், விதிமுறை எதுவும் எழுதி வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்!

அப்புறம் மாட்டினால் நாலு அறை, கையோடு டி.சி. 8-ம் வகுப்பு முடியும்வரை யாரையும் நீக்கக் கூடாது என்கிறது 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம். பெரிய வகுப்புப் பையனை அனுப்பினாலும், அவனுக்கு மிச்சம் அந்த டியூபும் அதைப் பழக்கிவிட்ட கூட்டாளியும்தான்.

முக்கியமான ஒன்று, பல ஆசிரியர்களுக்கே தெரியாது. சொல்யூஷன், தின்னர் முகர்ந்த பையனைத் துரத்தவோ மிரட்டவோ கூடாது. அந்த நேரத்தில் திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும்! காற்றோட்டமாக உட்கார வைத்து, பக்கத்திலேயே இருந்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் கேளுங்கள். முதலில் யாரிடம் சொல்வது, பையனிடம் தனியாகப் பேசுவது யார், வீட்டுக்கு அன்றைக்கே தகவல் வருமா, எந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவது? பிரேயரில் நிறுத்தி மானத்தை வாங்குவதில்லை என்பதும் இருக்கட்டும்.

கண்டிப்பு வேண்டாமா? விற்பவனிடம் காட்டுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பது 2003 சட்டப்படி குற்றம். சிறுவர்களுக்கு மது, புகையிலை, போதைப் பொருள் கொடுத்தால் 2015 சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை.

பள்ளியில் பேசத் தயக்கமா? போதை மறுவாழ்வு உதவிக்கு 14446-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது.