கேண்டிடேட் என்றால் வெள்ளை உடைக்காரர்!

வேலைக்கு இன்டர்வியூ போனால் நாம் 'கேண்டிடேட்'. பரீட்சை எழுதப் போனாலும் கேண்டிடேட். தேர்தலில் நிற்பவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்தச் சொல்லுக்குச் சொந்த ஊர் பழைய ரோம். அர்த்தம், 'வெள்ளை உடுத்தியவர்'!

லத்தீனில் 'காண்டிடுஸ்' என்றால் பளீர் வெள்ளை. ரோமானியர்கள் உடம்பைச் சுற்றி உடுத்திய கம்பளித் துணிக்கு 'டோகா' என்று பெயர். சாதாரண டோகா கம்பளியின் இயற்கை நிறத்திலேயே இருக்கும். பதவிக்குப் போட்டியிடுபவர் மட்டும் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, அதைப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு வீதிக்கு வருவார். கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே! அவர்தான் 'காண்டிடாட்டுஸ்'.

இப்படி உடையை வெளுப்பதற்கு கி.மு. 432-லேயே தடை வந்தது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. தடை நிலைக்கவில்லை. பழக்கம் நிலைத்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒளிவுமறைவு இல்லாத பேச்சைக் குறிக்கும் 'கேண்டிட்' என்ற சொல்லும் இதே வெள்ளையிலிருந்து வந்ததுதான். ஓட்டுக் கேட்பவருக்கு நல்ல உறவு!

அந்தக் காலத்தில் ஓட்டுக் கேட்க வருபவர் டோகாவுக்குள் சட்டை போடாமல் வருவதும் உண்டாம். ஏன்? கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சில காரணங்களை யோசிக்கிறார். போரில் பட்ட தழும்புகளை மக்களிடம் காட்டுவதற்காக இருக்கலாம். அல்லது, சட்டை மடிப்பில் பணத்தை ஒளித்து வந்து கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவோ? ஓட்டுக்குப் பணம் நேற்று வந்த வியாதி இல்லை.

வீதி வீதியாகச் சுற்றி ஆதரவு திரட்டுவதை 'ஆம்பிட்டியோ' என்றார்கள். 'சுற்றி வருதல்' என்று பொருள். இன்று நாம் லட்சியம், பேராசை இரண்டுக்கும் சொல்லும் 'ஆம்பிஷன்' அதன் பிள்ளை. நம் 'வேட்பாளர்' என்ற சொல்லிலும் 'வேட்பு', அதாவது விருப்பம்தான் இருக்கிறது.

ஆம்பிட்டியோவுக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு: 'ஆம்பிட்டுஸ்'. ஓட்டுக்கு லஞ்சம் கொடுக்கும் குற்றத்தின் பெயர் அது. கி.மு. 63-ல், ரோமின் உச்சப் பதவியான கான்சலாக இருந்த சிசரோ, இந்தக் குற்றத்துக்கு 10 ஆண்டு நாடு கடத்தல் என்று சட்டம் கொண்டுவந்தார். அதே ஆண்டில், அடுத்த கான்சலாகத் தேர்வாகியிருந்த முரேனா லஞ்ச வழக்கில் சிக்கினார். வழக்குப் போட்டவர், தேர்தலில் தோற்ற சுல்பிசியுஸ். முரேனாவுக்காக வாதாட வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சட்டம் போட்ட அதே சிசரோ!

முரேனா விடுதலையாகி, மறு ஆண்டு பதவியில் அமர்ந்தார்.